அலுவலக இணையத் தொலைபேசியும் அதன் நெறிமுறைகளும்

தோற்றுவாய்

தொலைவிலுள்ளாரோடு நேரிற் பேசுமாறு போலப் பேசுதற்கு உதவும் கருவிகளுள் தொலைபேசி தலைசிறந்தது. அதற்கு அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் என்பார் 1876-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் உரிமைப் பத்திரம் பெற்றார். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, இருவர் பேசத் தொடங்கின் அவ்விருவர்க்குமிடையே ஒரு வழி அவர்க்கே உரியதாக ஒதுக்கப்பட்டு வந்தது. பேச்சு முடியுமளவும் பிறரெவரும் அவ்வழியிற் புகுதல் இயலாது. பேசுவோர் வாளா இருப்பினும் அவ்வழி அவர்க்கெனவே காத்துக்கிடக்கும்.

இக்காலத்து அலுவலகங்களில் மேசைமேல் விளங்கும் இணையத் தொலைபேசியோ, தோற்றத்தாற் பழையதனை ஒத்திருப்பினும் இயல்பால் முற்றும் வேறானது. கைப்பிடியும் எண் பொத்தான்களும் உடைய அக்கருவியின் உள்ளே இருப்பது ஒரு சிறு கணினி. அதன் பின்புறத்தே செருகப்படுவதும் கணினிக்குரிய வலைக் கம்பியே. கடிதமும் கணக்கும் படமும் செல்லும் அவ்வொரு கம்பியிலேயே மக்கள் பேச்சும் செல்கின்றது. தனக்கென ஒதுக்கிய வழியில்லாத பேச்சு, நெரிசல் மிக்க பொதுவழியிற் சிதையாது சென்று சேர்வது எங்ஙனம்?

இவ்வினாவிற்கு விடை ‘நெறிமுறை’ என்னும் ஒரு சொல்லில் அடங்கும். நெறிமுறையாவது, வேறுவேறு தொழிற்சாலைகளிற் செய்யப்பட்டு ஒன்றையொன்று முன்னறியாத யந்திரங்கள், யாது கூறவேண்டும், எம்முறையிற் கூறவேண்டும், மறுமொழி வாராவிடின் யாது செய்யவேண்டும் என மக்கள் முன்னரே கூடி வகுத்து எழுதிவைத்த உடன்பாடு. பழைய தொலைபேசிக் கம்பி, எவரும் கேளாமலே நமக்குச் சில தொண்டுகள் செய்துவந்தது: கருவிக்கு மின்சாரம் தந்தது, பேச்சுக்கு வழியைக் காத்தது, அழைப்பவர் இருக்கும் இடத்தையும் காட்டிற்று. புதிய கருவியிலோ இவற்றுள் ஒவ்வொன்றனையும் ஒவ்வொரு நெறிமுறை பொறுப்பேற்றுச் செய்யவேண்டும். எவரும் எழுதிவையாத தொண்டினை யந்திரம் தானாகச் செய்வதில்லை. இவ்வுண்மையினை உளத்திற்கொண்டு, அந்நெறிமுறைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஈண்டு ஆராய்வோம்.

கருவி விழித்தெழுதல்

முதற்கண் வேண்டுவது மின்சாரம். பழைய தொலைபேசிக்கு மின்விசை தொலைபேசி நிலையத்திலுள்ள மின்கலங்களினின்றும் கம்பி வழியே வந்தது. ஆதலின் ஊரில் விளக்குகள் அவிந்தபோதும் தொலைபேசி பேசிற்று. இணையத் தொலைபேசிக்கும் வலைக் கம்பி வழியே மின்விசை தருதற்கு ஐ.இ.இ.இ. என்னும் பொறியியலாளர் கழகம் 2003-ஆம் ஆண்டில் ஒரு முறை வகுத்தது. இம்முறைப்படி, பல கருவிகளின் கம்பிகள் வந்து கூடும் ‘ஸ்விட்ச்’ என்னும் பெட்டி, ஒவ்வொரு கருவிக்கும் 15.4 வாட் வரை மின்விசை செலுத்தும். வழியில் நேரும் இழப்புப் போகக் கருவிக்கு 12.95 வாட் கிடைக்கும். மின்விசை ஏற்கும் இயல்பில்லாத கருவி கெட்டுவிடலாகாது என்பதற்காக, ஸ்விட்ச் முதலிற் சிறிய அளவு மின்னழுத்தம் தந்து சோதித்து, ஏற்புடைய கருவி எனத் தெளிந்த பின்னரே முழு விசையினையும் விடுக்கும். ஆயினும் அந்த ஸ்விட்சுக்கே மின்சாரம் அற்றுப்போமாயின் அலுவலகம் முழுவதும் ஊமையாகும் என்பதை மறத்தலாகாது. அதற்குத் துணையாக மின்கலம் வைத்தல் அலுவலகத்தாரின் கடமை.

உயிர்பெற்ற கருவி அடுத்துத் தன் வழியினை அறியவேண்டும். ஒரே கம்பியிற் கணினியின் செய்தியும் தொலைபேசியின் ஒலியும் கலந்து செல்லுதலின், இரண்டனையும் வேறுபிரித்து அறிதற்கு அடையாளம் இன்றியமையாதது. ஒலியைச் சுமந்து செல்லும் ஒவ்வொரு சட்டகத்தின் தலைப்பிலும் நான்கு பைட் அளவுள்ள ஓர் அடையாளச் சீட்டு ஒட்டப்படும். ஒரே கட்டடத்து ஒரே கம்பிகளில், ஒன்றோடொன்று கலவாத பல வலைகள் இயங்குதற்கு இச்சீட்டே காரணம். இன்ன எண்ணுடைய வலையிற் சேர்க என்பதனை ஸ்விட்சே தொலைபேசிக்கு அறிவிக்கும் நெறிமுறையும் 2006-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது.

அதன்பின் கருவிக்கு ஒரு முகவரி வேண்டும். இதனைத் தருவது ‘டி.எச்.சி.பி.’ என்னும் நெறிமுறை. இதன் இக்கால வடிவம் 1997-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இதிற் பேசப்படும் உரையாடல் நான்கே வாக்கியம் உடையது. ‘முகவரி வழங்குவார் எவரேனும் உளரோ?’ எனத் தொலைபேசி அனைவருக்கும் கேட்குமாறு கூவும். ‘இம்முகவரியைத் தரலாம்’ என ஸர்வர் என்னும் பணிக்கணினி விடை கூறும். ‘அதனையே வேண்டுகின்றேன்’ எனத் தொலைபேசி கேட்கும். ‘தந்தோம்; இத்துணைக் காலம் வைத்துக்கொள்க’ என ஸர்வர் முடிக்கும். முகவரியோடு, கருவிக்குரிய அமைப்பு விவரங்கள் எவ்விடத்தே உள்ளன என்னும் குறிப்பும் சேர்த்துத் தரப்படுதலுண்டு. கருவி அவ்விடஞ் சென்று தன் எண், தன் பெயர், தன் பொத்தான்களின் பொருள் ஆகியவற்றை அறிந்துகொள்ளும். நூறு தொலைபேசிகளை ஒரே நாளில் ஓர் அலுவலகத்தே அமைத்தல் எளிதாவது இதனாலேயே.

அழைப்பும் உடன்பாடும்

இனி, அழைப்பினைக் கூட்டுவிக்கும் நெறிமுறையினைக் காண்போம். இதற்கெனச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1996-ஆம் ஆண்டில் ‘எச்.323’ என்னும் முறையினை வெளியிட்டது. இணைய வல்லுநர்கள் 1999-ஆம் ஆண்டில் ‘ஸிப்’ என்னும் வேறொரு முறையினை வெளியிட்டு, 2002-ஆம் ஆண்டில் அதனைத் திருத்தி அமைத்தனர். இன்று அலுவலகத் தொலைபேசிகளிற் பெரிதும் வழங்குவது ஸிப் முறையே. இதன் செய்திகள் எழுத்துக்களால் ஆயவை. பயின்றார் ஒருவர் கண்ணாற் படித்தே பொருள் கொள்ளலாம். பிழை நேர்ந்தவிடத்து அதனைக் கண்டறிதற்கு இஃது ஒரு பேருதவி.

விழித்தெழுந்த தொலைபேசி முதலிற் செய்வது தன்னைப் பதிவு செய்துகொள்ளுதல். ‘இன்ன எண்ணுடைய யான் இன்ன முகவரியில் உள்ளேன்’ என அது ஸர்வருக்கு அறிவிக்கும். ஸர்வர் உடனே நம்பிவிடாது. தற்செயலான ஒரு குறியினை அனுப்பி மெய்ப்பிக்குமாறு கேட்கும். தொலைபேசி தன் மறைச்சொல்லையும் அக்குறியையும் கலந்து கணக்கிட்ட விடையினை அனுப்பும். மறைச்சொல் வெளிப்பட வழிச்செல்வதில்லை. எனினும் அதனை அறிந்தவனன்றிப் பிறன் அவ்விடையினைத் தருதல் அரிது. இப்பதிவு ஒரு கால எல்லையுடையது. அஃது ஒரு மணியாக இருத்தல் பெருவழக்கு. எல்லை கடக்குமுன் கருவி மீண்டும் பதிந்துகொள்ளல் வேண்டும்.

ஓர் அலுவலகத்தே 201 என்னும் எண்ணுடையார் 305 என்னும் எண்ணுடையாரை அழைப்பதாகக் கொள்வோம். முதலிற் செல்வது ‘இன்வைட்’ என்னும் அழைப்போலை. ஸர்வர் ‘100’ என்னும் குறியினால் ‘முயல்கின்றேன்’ என விடை தந்து, 305-ஆம் எண் பதிந்துவைத்த முகவரியினைத் தேடி ஓலையைச் சேர்ப்பிக்கும். அங்கு மணி ஒலிக்கத் தொடங்கியதும் ‘180’ என்னும் குறி திரும்பி வரும். அழைத்தவர் செவியிற் கேட்கும் மணியோசை பெரும்பாலும் அக்குறியைக் கண்டு அவர்தம் கருவியே எழுப்புவது என்பது அறியத்தக்கது. மறுபுறத்தார் கைப்பிடியை எடுத்தவுடன் ‘200’ என்னும் ஏற்புக்குறி வரும். அழைத்த கருவி ‘பெற்றேன்’ என ஒப்புகை தந்து உடன்பாட்டை முடிக்கும். எண்ணுடையார் வேறொருவரோடு பேசிக்கொண்டிருப்பின் ‘486’ என்னும் குறியும், அவ்வெண்ணே இல்லையாயின் ‘404’ என்னும் குறியும் வரும். பேச்சு முடிந்தபின் எவரேனும் ஒருவர் கருவி ‘பை’ என விடைபெறும்.

அழைப்போலையின் உள்ளே வேறொரு சீட்டும் வைக்கப்பட்டிருக்கும். ‘எனக்கு ஒலியை இம்முகவரிக்கு, இவ்வாயிலுக்கு அனுப்புக, யான் அறிந்த ஒலி வடிவங்கள் இவை, இவற்றுள் முதலாவதனை மிக விரும்புகின்றேன்’ என்பது அச்சீட்டின் பொருள். மறுபுறத்துக் கருவி தானும் அறிந்த வடிவத்தினைத் தேர்ந்து, தன் முகவரியையும் எழுதி விடுக்கும். பொதுவான வடிவம் ஒன்றேனும் இல்லையாயின் பேச்சு நிகழாது. இருவர் உரையாடுதற்குப் பொதுமொழி ஒன்று வேண்டும் என்னும் பழைய உண்மை யந்திரங்களுக்கும் ஒக்கும்.

இந்நெறிமுறையின் பொறுமையும் ஈண்டு நோக்கத்தக்கது. அழைப்போலைக்கு மறுமொழி வாராவிடிற் கருவி அரை விநாடி காத்திருந்து மீண்டும் அனுப்பும். பின்னர் ஒரு விநாடி, இரண்டு விநாடி, நான்கு விநாடி எனக் காலத்தை இரட்டித்து முயலும். 32 விநாடி கழிந்தும் விடை இல்லையாயினே முயற்சியைக் கைவிடும். உடன்பாடு தவறாது சென்று சேரவேண்டும் என்பதே இங்குக் கருத்து.

ஒலியின் செலவு

உடன்பாடு முடிந்தபின் ஒலி செல்லத் தொடங்கும். அஃது ஸிப் சென்ற வழியிற் செல்லவேண்டுவதில்லை. இரு கருவிகளுக்குமிடையே நேரே செல்லலாம். ஒலியைச் சுமப்பது ‘ஆர்.டி.பி.’ என்னும் நெறிமுறை. இது 1996-ஆம் ஆண்டில் வெளியாகி, 2003-ஆம் ஆண்டில் திருத்தம் பெற்றது.

பேச்சு எங்ஙனம் எண்களாகின்றது என்பதைச் சிறிது கணக்கிட்டுக் காண்போம். 1972-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டு இன்றும் வழங்கிவரும் ‘ஜி.711’ என்னும் வடிவத்தில், ஒலியலையின் உயரம் விநாடிக்கு 8,000 முறை அளக்கப்படும். ஒவ்வோர் அளவும் எட்டுப் பிட், அஃதாவது ஒரு பைட், கொண்டு எழுதப்படும். ஆகவே விநாடிக்கு 64,000 பிட் உண்டாகும். இவ்வொலியைப் பெரும்பாலும் 20 மில்லிவிநாடித் துண்டுகளாக வெட்டுவர். ஒரு துண்டு 160 பைட் ஆகும். அதனைப் பொதியாகக் கட்டி, மேலே மூன்று முகவரிச் சீட்டுக்களை ஒட்டுவர். ஆர்.டி.பி. சீட்டுக்கு 12 பைட்டும், அதன் புறத்தேயுள்ள யூ.டி.பி. சீட்டுக்கு 8 பைட்டும், இணைய முகவரிச் சீட்டுக்கு 20 பைட்டும் ஆக 40 பைட் சேரும். எனவே ஒரு பொதி 200 பைட். விநாடிக்கு ஐம்பது பொதிகள். ஆக ஒரு திசைக்கு விநாடிக்கு 80,000 பிட் செல்லவேண்டும். பேச்சின் சுமையில் ஐந்தில் ஒரு பங்கு உறைக்கே செலவாகின்றது.

கடிதத்தையும் கணக்கையும் சுமக்கும் டி.சி.பி. என்னும் நெறிமுறை, வழியில் ஒரு பொதி தொலைந்தால் அதனை மீண்டும் வருவித்து, முறை பிறழாமல் அடுக்கிய பின்னரே கொடுக்கும். பேச்சுக்கு இது பொருந்தாது. கடிதத்தில் ஓரெழுத்துக் குறைந்தால் பொருள் கெடும். ஒரு கணம் தாமதித்தாற் கேடில்லை. பேச்சிலோ ஒரு துண்டு குறைந்தாற் செவி அதனைப் பொறுக்கும். ஆனால் தாமதத்தைப் பொறாது. கேட்டவர் ‘ஆம்’ என்றது பிந்தி வருமாயின், பேசியவர் அதற்குள் மற்றொன்று சொல்லத் தொடங்குவார். இருவர் சொல்லும் மோதும். வாய் திறந்த கணத்திலிருந்து மற்றவர் செவியில் விழும் கணம் வரை 150 மில்லிவிநாடிக்கு மேற்படாதிருத்தல் நன்று என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அறிவுரை.

இவ்வேறுபாட்டினை அறிஞர்கள் மிக முன்னரே கண்டனர். 1970-களில் அமெரிக்காவின் ‘அர்ப்பாநெட்’ என்னும் வலையிற் பேச்சினைப் பொதிகளாக்கி அனுப்பிப் பார்த்தவருள் டானி கோஹன் என்பார் முதன்மையானவர். காலந்தாழ்த்தி வரும் பேச்சுப் பொதியாற் பயனில்லை என்பதை அவர் வற்புறுத்தினார். முதலில் ஒன்றாகவே இருந்த டி.சி.பி. 1978-ஆம் ஆண்டில் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, முகவரி வேலை தனியாகவும், தவறாது சேர்க்கும் வேலை தனியாகவும் அமைந்தமைக்குப் பேச்சின் தேவை ஒரு முக்கிய காரணம். 1980-ஆம் ஆண்டில் ஜான் போஸ்டெல் என்பார் யூ.டி.பி. என்னும் எளிய நெறிமுறையினை எழுதி வெளியிட்டார். அது பொதியை விடுக்கும். சென்றதோ எனத் திரும்பிப் பாராது. இன்றைய அலுவலகத் தொலைபேசியின் ஒலி செல்வது பெரும்பாலும் அதன் மீதே.

ஆர்.டி.பி. ஒவ்வொரு பொதிக்கும் ஒரு வரிசையெண்ணும் ஒரு காலக்குறியும் இடும். வழியில் நெரிசல் மிகும்போது சில பொதிகள் விரைந்தும் சில தாழ்ந்தும் வரும். ஏற்கும் கருவி அவற்றை ஒரு சிறு தொட்டியிற் சிறிது நேரம் தேக்கி, காலக்குறி நோக்கிச் சீராக ஒலிக்கச் செய்யும். தொட்டி பெரிதாயின் தாமதம் மிகும். சிறிதாயிற் பொதிகள் வீணாகும். வாராத பொதியின் இடத்தை, முன் வந்த ஒலியைக்கொண்டு கருவி ஒருவாறு நிரப்பும். அன்றியும் ஒலிப்பொதிகளின் தலைப்பில் 46 என்னும் எண்ணைப் பொறித்து, ‘இதற்கு முதலில் வழிவிடுக’ என இடைநிலைக் கருவிகளுக்கு அறிவித்தல் வழக்கம். அக்கருவிகள் அதனை மதிக்குமாறு அமைக்கப்பட்டாலன்றி அவ்வெண்ணாற் பயனில்லை. பழைய கம்பி இயல்பாகவே காத்த வழியை இங்கு எண் ஒன்று வேண்டிப் பெறுகின்றது.

பிரிவினால் வரும் இடர்கள்

அழைப்பு ஒரு வழியும் ஒலி ஒரு வழியுமாகப் பிரிந்தமையால் இரண்டு இடர்கள் நேர்வதுண்டு. முதலாவது, ஒருவர் பேசுவது மற்றவர்க்குக் கேட்க, மற்றவர் பேசுவது இவர்க்குக் கேளாமை. அலுவலகத்தின் உள்முகவரி வெளியுலகிற் செல்லாது. வாயிலிலுள்ள கருவி ஒவ்வொரு பொதியின் மேலுறை முகவரியையும் மாற்றி அனுப்பும். ஆனால் அழைப்போலையின் உள்ளே எழுதப்பட்ட முகவரி மாறாது நின்றுவிடின், மறுபுறத்தார் தம் ஒலியைச் சேராவிடத்திற்கு அனுப்பிக்கொண்டிருப்பர். மணி ஒலிக்கும், அழைப்பும் கூடும், பேச்சு மட்டும் வாராது. வெளிமுகவரியை முன்னரே கேட்டறிந்து ஓலையில் எழுதுதற்கு ‘ஸ்டன்’ என்னும் நெறிமுறை 2003-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வாயிலில் நின்று இரண்டு முகவரிகளையும் ஒருங்கே திருத்தும் எல்லைக் கருவிகளும் வழங்குகின்றன.

இரண்டாவது இடர் மறை வெளிப்படுதல். காப்பின்றி விடப்பட்ட ஆர்.டி.பி. பொதிகளை வலையின் இடையே கைப்பற்றுவான் ஒருவன், அவற்றை அடுக்கி அப்பேச்சினை அப்படியே கேட்கலாம். இதனைத் தடுத்தற்கு, ஒலியினை மறைகுறியாக்கும் ‘எஸ்.ஆர்.டி.பி.’ 2004-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. ஆயினும் அம்மறையின் திறவுகோலை அழைப்போலையிலேயே எழுதி அனுப்பும் முறை ஒன்று உண்டு. ஓலை காப்பின்றிச் செல்லுமாயின், பூட்டினைப் பூட்டித் திறவுகோலை அதன்மேலேயே தொங்கவிட்டது போலாம். ஆகலின் ஒலிக்கும் ஓலைக்கும் ஒருங்கே காப்பு வேண்டும். நோயாளரின் நிலை, மாணவரின் குறை, வறியவரின் கடன் முதலியன பேசப்படும் அலுவலகங்களில் இது பொறியாளரின் விருப்பத்திற்கு விடத்தக்கதன்று. பிறர் நம்பிக்கையைக் காக்கும் கடமையாகும்.

அவசர அழைப்பு

யாவற்றினும் மேலாக நோக்கவேண்டுவது உயிர் காக்கும் அழைப்பு. பழைய கம்பி ஒரு வீட்டிற் சென்று முடிந்தது. அழைத்தவர் வாய் பேசமாட்டாராயினும், கம்பி முடியும் இடத்தைத் தொலைபேசி நிலையம் அறிந்திருந்தது. ஸிப் கருவியோ எங்கு எடுத்துச் செல்லினும் பதிந்துகொள்ளும். மூன்றாம் மாடியில் இருந்த கருவி இன்று வேறோர் ஊரில் இருந்தும் அதே எண்ணாற் பேசும். அவசரத்திற்கு அழைத்தவர் எங்குளர் என்பதை எவரேனும் எழுதி வைத்தாலன்றி எவரும் அறியார்.

எண்களின் விதியும் அத்தகையதே. எவ்வெண்களை அழுத்தினால் அழைப்பு எங்குச் செல்லும் என்பதை ஒவ்வோர் அலுவலகத்தாரும் தாமே வகுத்துக்கொள்கின்றனர். 2013-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்து மார்ஷல் என்னும் ஊரில், ஒரு தங்கும் விடுதியிற் காரி ஹண்ட் என்னும் பெண்மணி தாக்குண்டு உயிரிழந்தார். உடனிருந்த அவர்தம் ஒன்பது வயது மகள், தான் கற்றவாறே 911 என்னும் அவசர எண்ணை நான்கு முறை அழுத்தினாள். வெளியழைப்பிற்கு முன்னர் வேறோர் 9 அழுத்தவேண்டும் என்பது அவ்விடுதியின் விதி. அதனைக் குழந்தை அறிந்திலள். அழைப்பு ஒருமுறையேனும் வெளிச்செல்லவில்லை. பழுது கம்பியில் இல்லை, கருவியிலும் இல்லை. எண்ணுக்குப் பொருள் வகுத்த விதியில் ஒரு வரி இல்லாமையே பழுது. இதன் விளைவாக 2018-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அந்நாட்டில் அப்பெண்மணியின் பெயராலேயே ஒரு சட்டம் பிறந்தது. 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-க்குப் பின்னர் அமைக்கப்படும் பல இணைப்புத் தொலைபேசி அமைப்புக்களில், முன்னெண் எதுவுமின்றி 911 நேரே செல்லவேண்டும் என அச்சட்டம் விதிக்கின்றது. அழைப்பவர் இருக்கும் அறையளவும் இடம் தெரிவித்தற்குரிய விதிகளும் அதே ஆண்டுச் சட்டம் வேறொன்றன்வழி எழுந்தன.

நம் நாட்டில் அவசர எண் 112. வெளியழைப்பிற்கு 0 அல்லது 9 முன்னிடும் அலுவலகங்கள் பல. அவற்றில் 112 என்பதை மட்டும் அழுத்தினால் யாது நிகழும் என்பதைப் பொறுப்புள்ளார் தம் ஸர்வரின் விதியேட்டில் இன்றே நோக்கி அறிதல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், மேசைமேல் இருக்கும் சிறு கருவியின் பின்னே எத்துணை உடன்பாடுகள் உள்ளன என்பது ஒருவாறு விளங்கும். மின்விசைக்கு ஒன்று, வழிக்கு ஒன்று, முகவரிக்கு ஒன்று, அழைப்புக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று, மறைவுக்கு ஒன்று என அவை வேலையைப் பகிர்ந்துகொண்டன. அழைப்பு பொறுமையோடு பலகாற் கேட்கின்றது. ஒலியோ தொலைந்ததை நினையாது விரைகின்றது. ஒவ்வொன்றும் தனக்குரிய இயல்பறிந்து அமைக்கப்பட்டமையே அவற்றின் வெற்றி.

இந்நெறிமுறைகள் எந்த ஒரு நிறுவனத்தின் உடைமையும் அல்ல. பெரும்பாலானவற்றை எவரும் இலவசமாகப் பெற்றுப் படிக்கலாம். நம் மாணவருட் பலர் நாளை இத்தகைய அமைப்புக்களை ஆளும் பொறுப்பினை ஏற்பர். அவர்கள் கருவியை வாங்கி மணி ஒலித்ததும் பணி முடிந்ததென அமையாது, மின்சாரம் அற்றால் யாது ஆகும், இப்பேச்சினைப் பிறர் கேட்கலாகுமோ, இவ்வறையில் ஒருவர் வீழ்ந்தால் உதவி இங்கு வந்து சேருமோ என்னும் மூன்று வினாக்களையும் தம்முட் கேட்டு விடை காண்பாராக. பழைய கம்பி தானே செய்த தொண்டினை இனி அறிவுடையார் எண்ணிச் செய்தல் வேண்டும்.